கடைசிக் கட்டம்

மே பதினேழு. பியாவோவியேஜாக் காடு.
ஹார்ன்பீம் இலைகளில் இன்னும் மடிப்புக் கலையவில்லை.
தலைக்கு மேல் யாரோ சலவைக்கல்லில்
ஒரு காசைச் சுண்டிச் சுழலவிடுகிறார்கள்:
முதலில் நின்று நின்று, பிறகு விரைந்து,
பிறகு ஒரே நடுக்கமாய், ஓய்ந்து.
பத்து கிராம் எடையுள்ள ஆண் கதிர்க்குருவி.
அது பாடுவது எனக்காக அல்ல.
எனக்குத் தேவை, பாடாத அதன் துணை
அலகில் காய்ந்த புல்லோடு
தரையில் எங்கே மறைகிறாள் என்பது மட்டும்.

போக்னாவும் நானும் பேசி வைத்த விதி:
கூட்டருகே நிற்காதே. வந்த வழியே திரும்பாதே.
போகிற போக்கில் பார்,
வேறெங்கோ போகிறவள்போல் போய்க்கொண்டே இரு.
நம் காலடி வாடை கூட்டோடு முடிந்தால்
நரி அந்த வாக்கியத்தை
முற்றுப்புள்ளி வரை வாசித்துவிடும்.

ஒரு கூடு ஒரு நாளைத் தாண்டுவதற்கு
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாய்ப்பு.
பள்ளியில் இதை வாங்கியிருந்தால்
அப்பா சைக்கிள் வாங்கித் தந்திருப்பார்.
ஆனால் முதல் முட்டைக்கும் முதல் பறத்தலுக்கும் நடுவே
முப்பது நாள்.
முப்பது முறை பெருக்கியபின்
மிஞ்சுவது இருபத்தொன்பது.
பேரழிவு எதுவும் நேரவில்லை.
தினம் ஒரு நாலு, அவ்வளவுதான்.

நாற்பத்தோராம் கூட்டில் ஆறு குஞ்சுகள். ஏழாம் நாள்.
கேமரா பார்த்தது:
இரவு ஒன்று பன்னிரண்டு. தாய் இருட்டுக்குள் தெறித்தாள்.
மரவெருகு, பானை மூடியைத் திறப்பதுபோல்,
முன்னங்காலால் கூரையை விலக்கியது.
அவசரமில்லை. ஆறு முறை குனிந்தது.
ஒன்று பதினாறு. புல் மட்டும் ஆடுகிறது.
நாலு நாற்பது. தாய் வருகிறாள், அலகில் பச்சைப் புழு.
கூரை இல்லாத வீட்டுக்குள்
வாசல் வழியாகவே நுழைகிறாள்.
வெளியே வருகிறாள். புழு இன்னும் அலகில்.
மறுபடி நுழைகிறாள்.
பதினொரு முறை.
பிறகு புழுவைத் தானே விழுங்கிவிட்டுப்
படத்தை விட்டுப் போனாள்.

"பின்னோக்கி ஓட்டாதே" என்றாள் போக்னா.
வனக்காவலர் பாசிலி
ரொட்டிமேல் பன்றிக்கொழுப்பை அடுக்கிக்கொண்டே
அந்த லிண்டன் பொந்து எனக்குத் தெரியும் என்றார்.
உள்ளே மூன்று வெருகுக் குட்டிகளாம்,
கண் திறந்து மூன்று வாரம்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
அவர் நீட்டிய ரொட்டியை வாங்கிக்கொண்டோம்.

எங்கள் தாளில் கடைசிக் கட்டம்: முடிவு.
அதை நிரப்ப ஒரு காலி இடத்தை வாசிக்க வேண்டும்.
பிழைத்த கூடும் காலி. பிழைக்காத கூடும் காலி.
விளிம்பு மிதிபட்டுத் தட்டையாகி,
வாசலில் எச்சம் காய்ந்து,
இறகுகளின் உறை தூளாய் உதிர்ந்து கிடந்தால்
போய்விட்டார்கள் என்கிறோம்.
புல் பிய்ந்து கிடந்தாலும்
போய்விட்டார்கள் என்றுதான் வாய் சொல்கிறது;
கை வேறு எழுத்தை இடுகிறது.

ஐம்பத்தேழாம் கூட்டுக்கு
மழை எனக்கு முன்பே போய்விட்டிருந்தது.
கேமராவின் பேட்டரி முந்தைய இரவே செத்திருந்தது.
விளிம்பில் பாதி தட்டை, பாதி சரிவு.
தூள் இருந்திருந்தாலும் கரைந்திருக்கும்.
ஒரே ஒரு கிழிசல்: நகமா, மழையா,
நாற்பத்தோராம் கூட்டைப் பார்த்துவிட்டு வந்த
என் கண்ணா?

நின்றேன்.
இனி எதற்கு அந்த விதி?
ஸ்ப்ரூஸ் கிளைக்குள் மெல்லிய ஒரு ஒலி,
பசியின் ஒலி;
ஆனால் நீலச்சிட்டின் குஞ்சுகளும்
அப்படித்தான் கத்தும்.
பென்சில் முனையை நாக்கில் தொட்டுத்
தெரியவில்லை என்று எழுதினேன்.

போக்னா அதைத் திருத்தவில்லை.
கணக்கில் அதற்கும் இடமுண்டு என்றாள்,
கடைசியாக உயிரோடு பார்த்த நாளோடு
எண்ணிக்கையை நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த நாள் ஜூன் ஒன்பது.
ஆறு மஞ்சள் வாய்கள்,
என் நிழலைத் தாயென்று நினைத்து
திறந்தவை.